இதயத்தை நிறுத்தி வைக்கும் நேரத்தில் உடலுக்கு ஆக்சிஜன் எப்படிப் போகிறது?

மார்க்கையன்கோட்டையிலிருந்து சின்னமனூர், தேனி வழியாக மதுரைக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பெரிய இதய ஆபரேஷன் என்றால் நம் பகுதிக் குடும்பங்கள் பெரும்பாலும் போவது அந்தப் பாதையில்தான். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது, "இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்போம், அதுவரை மெஷின் பார்த்துக்கொள்ளும்" என்று டாக்டர் சொல்வார். அதற்குப் பிறகு அவர் சொல்லும் எதுவும் கையெழுத்துப் போடும் மகனின் காதில் விழுவதில்லை. அத்தாவின் இதயம் நின்றுவிடுமா? அப்படியென்றால் அந்த நேரத்தில் அவர் உயிரோடு இருக்கிறாரா? ஊரில் காத்திருக்கும் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது?

அவர் உயிரோடுதான் இருக்கிறார். இதயம் துடிக்கவில்லையே தவிர, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் இரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. எவ்வளவு இரத்தம் போகிறது, அந்த இரத்தம் எவ்வளவு ஆக்சிஜனைச் சுமக்கிறது, உடல் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது என்ற கணக்கு நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கப்படுகிறது. அந்தக் கணக்கில் ஒரு பகுதி ஆபரேஷனுக்குப் பல வாரங்கள் முன்பே நம் வீட்டில் தொடங்கிவிடுகிறது. இந்தக் கட்டுரை முக்கியமாக அதற்காகத்தான்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "பைபாஸ்" என்ற சொல்லை மருத்துவமனையில் இரண்டு வேறு விஷயங்களுக்குச் சொல்கிறார்கள். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு வந்தால், காலிலிருந்தோ மார்பிலிருந்தோ ஒரு இரத்தக் குழாயை எடுத்து அடைப்பைச் சுற்றி மாற்றுவழி போடுவது ஒன்று. ஊரில் "பைபாஸ் பண்ணியிருக்கார்" என்று சொல்வது இதைத்தான். இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் சில மணி நேரம் இயந்திரத்திடம் ஒப்படைப்பது மற்றொன்று. முதலாவதைச் செய்ய இரண்டாவது எப்போதும் தேவைப்படாது. இந்தியாவில் அடைப்புக்கான பைபாஸ் ஆபரேஷன்களில் பெரும்பகுதி இன்று இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே செய்யப்படுகிறது. வால்வு மாற்றுவதற்கும், இதயச் சுவரில் உள்ள பெரிய ஓட்டையைத் தைப்பதற்கும், பெருந்தமனி ஆபரேஷனுக்கும் பெரும்பாலும் இயந்திரம் வேண்டும். உங்கள் நோயாளிக்கு எது என்று டாக்டரிடம் நேராகக் கேட்கலாம். "பம்ப் வைத்தா, பம்ப் இல்லாமலா?" என்று கேட்டாலே அவருக்குப் புரியும்.

இயந்திரம் தாண்டிச் செல்லும் பாதை

உடம்பெல்லாம் சுற்றி ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் கரிய இரத்தம் இதயத்தின் வலப்பக்கத்துக்கு வருகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குப் போய்ச் சிவந்து, இடப்பக்கம் வந்து, பெருந்தமனி வழியாக மீண்டும் உடம்புக்குப் போகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த இந்தப் பாதை நூற்றாண்டுகளாக மருத்துவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. வலது, இடது கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, இரத்தம் அதன் வழியாகக் கசிந்து போகிறது என்று கிரேக்க மருத்துவர் கேலன் எழுதியதையே எல்லோரும் நம்பினார்கள். டமாஸ்கஸில் படித்துக் கெய்ரோவில் பணிபுரிந்த இப்னுன் நஃபீஸ் 13ஆம் நூற்றாண்டில் இதை மறுத்தார். இப்னு சீனாவின் மருத்துவ நூலின் உடற்கூறு பகுதிக்கு எழுதிய விளக்கவுரையில், அந்தச் சுவர் கெட்டியானது, அதில் துளை ஏதும் இல்லை, இரத்தம் நுரையீரலுக்குப் போய்த்தான் இடப்பக்கம் வர வேண்டும் என்று எழுதிவைத்தார். அவர் இறந்தது 1288இல். அந்தக் கையெழுத்துப் பிரதியை எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவி 1924இல் பெர்லின் நூலகத்தில் கண்டெடுத்த பிறகுதான் இது உலகுக்குப் பரவலாகத் தெரியவந்தது.

இப்னுன் நஃபீஸ் சொன்ன அதே பாதையைத்தான் இன்றைய இயந்திரம் தாண்டிச் செல்கிறது. இதயத்தின் வலது மேலறையில் ஒரு குழாயைச் செருகி, கரிய இரத்தத்தை வெளியே ஒரு தொட்டிக்கு வடிக்கிறார்கள். அங்கிருந்து பம்ப் அதைத் தள்ளுகிறது. வழியில் ஆக்சிஜனேட்டர் என்ற பகுதி இருக்கிறது. நூல்போல மெல்லிய, உள்ளே துளையுள்ள ஆயிரக்கணக்கான இழைகள் அதில் உண்டு. இழைக்குள் ஆக்சிஜன் போகும், இழையைச் சுற்றி இரத்தம் ஓடும். கரியமில வாயு வெளியேறி, ஆக்சிஜன் ஏறி, சிவந்த இரத்தம் இன்னொரு குழாய் வழியாகப் பெருந்தமனிக்குத் திரும்புகிறது. அல்லாஹ் நமக்குத் தந்த நுரையீரலில் காற்றும் இரத்தமும் சந்திக்கும் பரப்பு சுமார் 70 சதுர மீட்டர். ஆக்சிஜனேட்டரில் இருப்பது ஏறக்குறைய 2 சதுர மீட்டர்தான். படுத்த படுக்கையாக, மயக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு அது போதும்.

இந்த இயந்திரத்தை ஓட்டுபவர் அறுவை மருத்துவர் அல்ல. பெர்ஃபியூஷனிஸ்ட் என்ற தனிப் பயிற்சி பெற்றவர் அதன் அருகிலேயே உட்கார்ந்திருப்பார். ஆபரேஷன் முடிந்ததும் நாம் நன்றி சொல்லத் தேடும் ஆட்களில் அவர் இருப்பதில்லை. பெரும்பாலான குடும்பங்களுக்கு அப்படி ஒருவர் உள்ளே இருந்ததே தெரியாது.

எவ்வளவு ஓடினால் போதும்?

அமெரிக்க மருத்துவர் ஜான் கிப்பன், நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்த ஒரு பெண் நோயாளி கண்முன்னே இறப்பதை 1930களின் தொடக்கத்தில் பாஸ்டனில் பார்த்தார். அந்த இரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்ப முடிந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரே என்ற எண்ணம் அவரை விடவில்லை. இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்து, 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண் ஒருவரின் இதய ஓட்டையை இயந்திரத்தின் துணையோடு மூடினார். 26 நிமிடம் அந்தப் பெண்ணின் உயிர் முழுக்க இயந்திரத்தை நம்பியிருந்தது. அவர் பிழைத்தார். அடுத்த நோயாளிகள் பிழைக்காததால் கிப்பன் மனமுடைந்து அந்த முயற்சியை நிறுத்திக்கொண்டார்.

அப்போது எல்லோரையும் குழப்பிய கேள்வி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓட்ட வேண்டும் என்பது. ஓய்வில் இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. அன்றைய இயந்திரங்களுக்கு அவ்வளவு திறன் இல்லை. இங்கிலாந்தில் ஆண்ட்ரியாசென், வாட்சன் இருவரும் 1952இல் நாய்களிடம் செய்த சோதனையில், வழக்கமான ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே கிடைத்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல் மூளை தாக்குப்பிடித்ததைக் கண்டார்கள். அதை நம்பி மினசோட்டாவில் வால்டன் லில்லெஹை 1954இல் ஒரு துணிச்சலான வழியை எடுத்தார். இயந்திரத்துக்குப் பதிலாக, குழந்தையின் தந்தையையோ தாயையோ பக்கத்து மேசையில் படுக்கவைத்து இருவரின் இரத்த ஓட்டத்தையும் குழாயால் இணைத்தார். பெற்றவரின் இதயமும் நுரையீரலும் பிள்ளைக்கும் சேர்த்து வேலை செய்தன. இப்படி ஆபரேஷன் செய்யப்பட்ட 45 பேரில் 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். அந்தக் காலத்தில் வேறு வழியே இல்லாத குழந்தைகள் அவர்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்த இயந்திரம் வர அதிக காலம் ஆகவில்லை. 1960களின் தொடக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் என். கோபிநாத் இயந்திரத்தின் துணையோடு திறந்த இதய ஆபரேஷன் செய்தார். இந்தியாவில் இத்துறையின் முன்னோடிகளில் அவர் ஒருவர். 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் கரோனரி பைபாஸ் ஆபரேஷனைச் செய்தார். அது அரசுத் துறை மருத்துவமனை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இதய ஆபரேஷன்கள் உள்ளன. அட்டையை எடுத்துக்கொண்டு போகாமல் நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் இன்னும் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குறைந்த ஓட்டமே போதும் என்ற அந்தப் பழைய எண்ணம் இப்போது இல்லை. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 2.2 முதல் 2.4 லிட்டர் என்பது இன்றைய வழக்கம். 55 கிலோ எடையும் 155 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு பெண்ணின் உடல் பரப்பு சுமார் 1.54 சதுர மீட்டர். அவருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 3.7 லிட்டர் ஓட வேண்டும்.

ஓட்டம் மட்டும் போதாது

வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும், உரம் கரைந்திருந்தால்தானே பயிருக்குப் போய்ச் சேரும்? இரத்தமும் அப்படித்தான். ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் நேரடியாகக் கரைந்து போவது மிகக் கொஞ்சம்தான். ஆரோக்கியமான ஒருவரின் உடலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 1000 மில்லி ஆக்சிஜன் போய்ச் சேர்கிறது. அதில் 250 மில்லியை மட்டும் உடல் எடுத்துக்கொள்கிறது. மீதி கைவசம் இருக்கும் சேமிப்பு.

இயந்திரத்தில் ஏறியதும் அந்தச் சேமிப்பு குறைந்துவிடுகிறது. காரணம் எளிது. இயந்திரத்தின் குழாய்களில் காற்று இருக்கக்கூடாது என்பதற்காக, தொடங்குவதற்கு முன்பே அவற்றைச் சலைன் போன்ற திரவத்தால் நிரப்பி வைப்பார்கள். அது 1 முதல் 1.5 லிட்டர் வரை இருக்கும். நோயாளியின் இரத்தம் உள்ளே வந்ததும் அதோடு கலந்து நீர்த்துப்போகும்.

நாம் சொன்ன 55 கிலோ பெண்ணின் உடலில் சுமார் 3.6 லிட்டர் இரத்தம் இருக்கும். திரவம் 1.2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷனுக்குப் போகும்போது அவருக்கு ஹீமோகுளோபின் 13 இருந்தால், கலந்த பிறகு 9.75 ஆகும். உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 330 மில்லி. அதே பெண் 10 கிராமோடு போனால், கலந்த பிறகு 7.5. கிடைப்பது 255 மில்லிக்குச் சற்று மேல்.

இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் ஆபத்துக்கோடு இருக்கிறது. இத்தாலியின் மார்கோ ரனுச்சி குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இயந்திரம் ஓடும் நேரத்தில் ஆக்சிஜன் வரத்து 272 மில்லிக்குக் கீழே போனவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுவது அதிகமாக இருந்தது. பிறகு பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2018இல் வெளியான சோதனையில், 280க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டபோது சிறுநீரகப் பாதிப்பின் முதல்நிலை குறைந்தது தெரிந்தது. சிறுநீரகம்தான் முதலில் குரல் கொடுக்கும் உறுப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

குறைவாக இருக்கும்போது பெர்ஃபியூஷனிஸ்டிடம் சில வழிகள் உண்டு. பம்ப்பின் ஓட்டத்தைக் கூட்டலாம், திரவத்தில் கொஞ்சத்தை வடிகட்டி எடுக்கலாம், இரத்தம் ஏற்றலாம். போதுமா என்பதை அவர் கண்டுபிடிப்பது திரும்பி வரும் கரிய இரத்தத்தைப் பார்த்து. அதில் ஆக்சிஜன் நிறைவு 70 சதவீதத்தை ஒட்டி இருந்தால் உடல் தன் பங்கை எடுத்த பிறகும் மீதம் இருக்கிறது என்று பொருள். அது இறங்கிக்கொண்டே போனால் ஏதோ ஓர் உறுப்பு பசியோடு இருக்கிறது.

செலவைக் குறைக்கும் வழி குளிர்

வரத்தைக் கூட்டுவது ஒரு வழி, செலவைக் குறைப்பது இன்னொரு வழி. மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்துமே செலவைக் கொஞ்சம் குறைத்துவிடும். அதற்கு மேல், இயந்திரத்திலேயே இரத்தத்தைக் குளிர்விக்க முடியும். உடல் வெப்பம் ஒரு டிகிரி இறங்கினால் ஆக்சிஜன் தேவை 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். 28 டிகிரியில் ஏறக்குறைய பாதியாகிவிடும். பெருந்தமனி வளைவு போன்ற சிக்கலான ஆபரேஷன்களில் இன்னும் கீழே இறக்குவார்கள். சாதாரண வால்வு ஆபரேஷனுக்கு இன்று 32 முதல் 35 டிகிரி வரையே பல இடங்களில் வைக்கிறார்கள்.

இதயத்தின் கணக்கு தனி. பெருந்தமனியில் கிளிப் போட்டதும் இதயத்துக்கு இரத்தம் நின்றுவிடும். பொட்டாசியம் அதிகமுள்ள குளிர்ந்த கரைசலை இதயத்தின் குழாய்களில் செலுத்தினால் அது துடிப்பை நிறுத்திக்கொள்ளும். துடிக்காத இதயத்தின் ஆக்சிஜன் செலவு பத்தில் ஒரு பங்காகிவிடும். குளிரும் சேர்ந்தால் அதைவிடக் குறைவு. அதனால்தான் ஒரு மணி நேரமோ அதற்குச் சற்று அதிகமோ அது நின்றிருந்தாலும், கிளிப்பை எடுத்து வெதுவெதுப்பான இரத்தம் பாய்ந்ததும் மீண்டும் துடிக்கிறது. பல நேரம் தானாகவே தொடங்கும். சில நேரம் சிறிய மின் அதிர்வு தேவைப்படும்.

ஹெப்பாரின் பற்றி

இரத்தம் பிளாஸ்டிக் குழாயைத் தொட்டதும் உறையத் தொடங்கும். அதைத் தடுக்க வழக்கமாக ஹெப்பாரின் என்ற மருந்தை அதிக அளவில் கொடுத்துத்தான் இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். நம் குடும்பங்களில் சிலர் தயங்கிக் கேட்கும் கேள்வி இங்கே வருகிறது. ஆம், உலகில் பயன்படும் ஹெப்பாரினில் மிகப் பெரும்பகுதி பன்றியின் குடல் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. சில நாடுகளில் மாட்டிலிருந்தும் எடுக்கிறார்கள். மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் கவுன்சில் 2003 டிசம்பரில் கூடியபோது, ஹெப்பாரினின் ஒரு வகையான குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பாரின் பற்றிப் பரிசீலித்தது. அதே பலனைத் தரும் ஆகுமான மாற்று இல்லாதபோது, தேவையான அளவுக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்று முடிவு சொன்னது. பம்ப்பில் பயன்படுவது அதன் பழைய வகை. ஆனால் கேள்வி ஒன்றுதான். மனத்தில் உறுத்தல் இருந்தால், ஆபரேஷன் நாளின் காலையில் அல்ல, தேதி குறித்த அன்றே டாக்டரிடமும் உங்கள் ஆலிமிடமும் கேட்டுவிடுங்கள். வால்வு மாற்றுபவர்கள் திசு வால்வு எந்த விலங்கினுடையது என்றும் அப்போதே கேட்கலாம். மாட்டின் இதய உறையிலிருந்து செய்த வால்வுகள் உண்டு, உலோக வால்வும் உண்டு.

ஆபரேஷன் முடிவில் ஹெப்பாரினை முறிக்கக் கொடுக்கும் புரோட்டமைன் மீனிலிருந்து வந்தது. மீன் சாப்பிட்டால் ஒவ்வாமை வருபவர் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நம் கையில் இருக்கும் பகுதி

ஓட்டமும் குளிரும் மருத்துவர்கள் கையில். ஹீமோகுளோபின் ஓரளவு நம் கையில். ஆபரேஷன் அவசரமில்லை, இரண்டு மாதம் கழித்து என்று சொன்னால், பல குடும்பங்கள் அந்த இரண்டு மாதத்தைப் பணம் திரட்டுவதில் மட்டும் கழித்துவிடுகின்றன. குறிப்பாகப் பெண்களுக்கு 9, 10 கிராம் என்பது நம் வீடுகளில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அளவு. "எப்பவும் அப்படித்தான்" என்பார்கள். மேலே பார்த்த கணக்கில் அந்த மூன்று கிராம் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

இரத்தசோகைக்குக் காரணம் என்ன என்று முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவு என்றால் மாத்திரையில் ஒரு கிராம் ஏற இரண்டு மூன்று வாரம் ஆகும். நாள் குறைவாக இருந்தால் ஊசி மூலம் கொடுப்பதும் உண்டு. இதய நோயாளி என்பதால் இதை டாக்டர் சொல்லித்தான் தொடங்க வேண்டும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். நம் வீடுகளில் கைவிடச் சிரமமான பழக்கம்தான், ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தாலே போதும்.

அடுத்தது இரத்தம். ஆபரேஷனுக்கு முந்தைய இரவு ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் "அவசரம், ஓ பாசிட்டிவ்" என்று செய்தி வரும். இளைஞர்கள் நல்ல மனத்தோடு கிளம்பி மதுரைக்குப் போவார்கள். அங்கே பாதிப் பேர் திருப்பி அனுப்பப்பட்டால் வருத்தம்தான். இரத்தம் கொடுப்பவருக்கு 18 வயது நிறைந்து 65க்குள் இருக்க வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது. ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். முன்பு கொடுத்து ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் ஆகியிருக்க வேண்டும். எடுத்த இரத்தத்தைப் பரிசோதிக்க நேரம் ஆகும் என்பதால் ஒன்றிரண்டு நாள் முன்பே போவது நல்லது.

அத்தாவுக்கு என் இரத்தத்தைத்தான் ஏற்ற வேண்டும் என்று மகன்கள் பிடிவாதம் பிடிப்பதும் உண்டு. மிக நெருங்கிய இரத்த உறவினரின் அணுக்கள், அபூர்வமாக, பெறுபவரின் உடலையே தாக்கிவிடும். அதைத் தடுக்கக் கதிர்வீச்சு கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும். ஆகவே உங்கள் இரத்தத்தை வங்கி வேறொருவருக்குக் கொடுத்து, வேறொருவருடையதை அத்தாவுக்குக் கொடுத்தால் அதில் குறை நினைக்க வேண்டாம்.

ஐ.சி.யூ.வில் முதல் பார்வை

மறுநாள் காலை ஒருவரை மட்டும் உள்ளே விடுவார்கள். முகம் வீங்கி, கண் இமைகள் உப்பி, அடையாளமே தெரியாதபடி இருக்கலாம். அது அந்த ஒன்றரை லிட்டர் திரவமும் ஆபரேஷனின்போது ஏற்றிய மற்றவையும் உடலில் தங்கியிருப்பதால். சிறுநீர் பிரியப் பிரிய இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். கைகால் சில்லென்று இருக்கலாம். மணிக்கு எவ்வளவு சிறுநீர் வருகிறது என்று நர்ஸ் எழுதிக்கொண்டே இருப்பார். சிறுநீரகத்துக்கு ஆக்சிஜன் போதுமான அளவு போயிருந்ததா என்பதற்கான முதல் விடை அந்தத் தாளில்தான் வரும்.

வயதானவர்கள் சிலர் இரண்டு மூன்று நாள் குழம்பிப் பேசுவார்கள். இரவில் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்பார்கள், பேரன் பெயரை மாற்றிச் சொல்வார்கள். பெரும்பாலும் இது சில நாளில் தெளியும். ஒரு கை அல்லது கால் அசையவில்லை, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது வேறு விஷயம். அதைப் பார்த்த நிமிடமே நர்ஸிடம் சொல்ல வேண்டும். உள்ளே போகிறவர் கண்ணாடியையும், காது கேட்கும் கருவி இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். கண்ணும் காதும் தெளிவாக இருந்தால் அவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது சீக்கிரம் பிடிபடும்.